மூவருக்கு ஒரே பெயர்

எங்கள் அலுவலகத்தில் பட்டம் வாங்காத ஒரே ஆள் கன்னையாதான். ஆனால் பட்டம் வாங்கிய நாங்கள் யாரும் அவர் அனுமதி இல்லாமல் ஒரு வரிக் கணினி நிரலைக்கூட உள்ளே சேர்க்க முடியாது.

அலுவலகம் கிள்ளானில், ஆற்றுக்குத் தெற்கே, ஒரு கடைவீட்டின் இரண்டு மாடிகளில் இருந்தது. போர்ட் கிள்ளானில் இருந்த கப்பல் முகவர்களுக்கும் கிடங்குகளுக்கும் நிரல் எழுதித் தருவது எங்கள் வேலை. எழுதிய நிரல்கள் எல்லாம் ஒரே கணினியில், ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். அதை லைப்ரரி என்போம். அதிலிருந்து ஒரு நகல் எடுத்து அவரவர் மேசையில் வேலை செய்துவிட்டு, முடிந்ததைத் திரும்ப உள்ளே சேர்க்க வேண்டும். நேற்று எழுதியது, போன மாதம் எழுதியது என்று பழைய படிகளும் அதிலேயே இருக்கும். யார் எந்தப் பகுதியில் சேர்க்கலாம் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியல் கன்னையா ஒருவர் கையில் இருந்தது.

அவர் பிரிக்பீல்ட்ஸ்காரர். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பு நின்றுபோய், 1971-ல் ஓர் அரசாங்க அலுவலகத்தில் அட்டையில் துளை போடும் வேலைக்குப் போனார். நாள் முழுக்கத் துளை போட்டுவிட்டு, அந்த அட்டைகளை இயந்திரம் என்ன செய்கிறது என்று பக்கத்து அறையில் போய் நின்று பார்ப்பாராம். அப்படிப் பார்த்தே ஆபரேட்டர் ஆனார். பிறகு கணினி அறைக்கே பொறுப்பாளர் ஆனார். 1990-ல் எங்கள் நிறுவனத்துக்கு வந்தபோது அவருக்கு நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு பழைய டட்சன் காரில் பெடரல் ஹைவே வழியாக வந்து, ஏழரைக்கெல்லாம் கணினி அறையைத் திறந்துவிடுவார்.

புதிதாக ஒருவரைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்றால் விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, அந்த ஆளையே நேரில் வந்து பார்ப்பார். என்ன வேலை, எந்தப் பகுதி, எத்தனை நாளைக்கு என்று கேட்பார். மறுநாள்தான் அனுமதி கிடைக்கும். எங்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நான்கு வருடத்தில் லைப்ரரியில் ஒரு தவறு நடந்தது கிடையாது. அது அவருக்குப் பெரிய பெருமை. டிகிரிக்காரர்கள் யாராவது தன்னிடம் தவறு கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயமும் அந்தப் பெருமைக்குள்ளேயே இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

1994-ல் புதிய மேலாளராக முத்துக்கருப்பன் வந்தார். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, மெல்பர்னில் படித்தவர், கன்னையாவைவிடப் பத்து வயது இளையவர். அந்த வருடம் வேலை பெருகி, நாங்கள் பன்னிரண்டு பேர் இருபத்திரண்டு பேரானோம். மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். சரக்குப் பட்டியல் குழுவுக்கு வாசு தலைவர், கப்பல் வருகைக் குழுவுக்குச் சீதாலெட்சுமி, கிடங்குக் குழுவுக்கு லிம். நான் லிம் குழுவில் இருந்தேன்.

அக்டோபரில் மைத்துனி கல்யாணத்துக்காகக் கன்னையா மூன்று நாள் ஈப்போ போனார். அந்த மூன்று நாளும் புதிதாக வந்த நான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பட்டியலில் சேர்ப்பதற்கு ஆள் இல்லை. அவர் திரும்பி வந்த அன்றே முத்துக்கருப்பன் ஒரு மெமோ அனுப்பினார். இனி ஒவ்வொரு குழுத் தலைவரும் தன் குழுவின் பட்டியலைத் தானே பார்த்துக்கொள்வார். தலைவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நிர்வாகப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்க வேண்டும். அவரவர் பகுதிக்கு மட்டும் அதிகாரம் இருக்க வேண்டும். சரியான யோசனைதான். இன்று எந்த அலுவலகத்திலும் அப்படித்தான் செய்வார்கள்.

கன்னையா மெமோவைப் படித்துவிட்டுக் கணினி அறைக்குப் போனார். மத்தியானம் மாமாக் கடையில் சாப்பிடும்போது என்னிடம் மட்டும், நான்கு வருடம் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டதற்கு இதுதான் மரியாதையா என்று கேட்டார். நான் சமாதானமாக ஏதோ சொன்னேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

தனித்தனியாகப் பிரிக்க வேண்டுமென்றால் லைப்ரரியின் எல்லாப் பகுதிகளையும் வரிசையாக எடுத்து, உரிமை மாற்றி, சரிபார்க்க வேண்டும். இரண்டு நாள் வேலை என்று அவர் கணக்குப் போட்டார். தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மனதில் கோபமும் இருந்தது. அவர் சுலபமான வழியை எடுத்தார். ‘கெத்துவா’ என்று ஒரே ஒரு பெயரை உருவாக்கினார். மலாயில் தலைவர் என்று அர்த்தம். எல்லாப் பகுதிக்கும் அதிகாரம் உள்ள பெயர். அதையும் அதன் பாஸ்வேர்டையும் மூன்று துண்டுக் காகிதத்தில் எழுதி மூன்று பேரிடமும் கொடுத்தார்.

வாசுவும் லிம்மும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். சீதாலெட்சுமி மட்டும் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணினி அறைக்கே வந்தாள். காப்பாரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். அவள் அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். எங்கள் அலுவலகத்தில் தலைவர் ஆன முதல் பெண் அவள்தான். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது.

“மூணு பேருக்கும் ஒரே பேராண்ணே? நாளைக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா யார் செஞ்சாங்கன்னு எப்படித் தெரியும்?”

“தீபாவளி முடியட்டும்மா. பிரிச்சுக் குடுத்துர்றேன் லா” என்றார் கன்னையா.

மெமோவுக்கு, தலைவர்களுக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டுவிட்டது என்று ஒரு வரியில் பதில் எழுதி அனுப்பினார். தனித்தனியாகவா என்று அதில் சொல்லவில்லை. முத்துக்கருப்பனும் கேட்கவில்லை.

தீபாவளி முடிந்தது. எல்லாம் நன்றாகவே போனது. முன்பு ஒரு நாள் காத்திருந்து வாங்கிய அனுமதி இப்போது ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. கன்னையாவின் மேசைக்கு யாரும் பாரம் கொண்டுவரவில்லை. பிரிப்பதற்கு இப்போது அவரிடம் நேரம் இருந்தது. ஆனால் அவர் தொடவில்லை. தன்னிடமிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்ட வேலையைத் தானே மெருகேற்றிக் கொடுக்க மனம் வரவில்லை என்று பிறகு சொன்னார்.

டிசம்பர் மூன்றாம் தேதி, ஒரு சனிக்கிழமை, அது நடந்தது. திங்கட்கிழமை காலை நாங்கள் வந்து பார்த்தபோது கிடங்குப் பகுதி லைப்ரரியில் இல்லை. பழைய படிகள் உட்பட முழுவதும் அழிந்திருந்தது. கன்னையா வெள்ளிக்கிழமை நகல் எடுத்து வைத்த டேப்பைப் போட்டார், இயந்திரம் அதைப் படிக்கவில்லை. அதற்கு முந்தியது இரண்டு வாரம் பழையது. அதை வைத்துத் திரும்பக் கொண்டுவந்தார். எங்கள் குழுவுக்கு இரண்டு வார வேலை போயிற்று. மாதக் கடைசியில் ஒரு கிடங்குக்கு ஒப்படைக்க வேண்டிய நிரல் அது. அந்த இரண்டு வாரத்தில் பெரும்பகுதி என்னுடைய வேலை. அன்று எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது.

பதினொரு மணிக்கு முத்துக்கருப்பன் அறையில் கூட்டம். தலைவர்கள் மூவரும் கன்னையாவும் இருந்தார்கள். என்ன போயிற்று என்று சொல்ல லிம் என்னையும் அழைத்துப் போனார். யார் எப்போது என்ன செய்தார்கள் என்று கணினி குறித்து வைக்கும் லாக்கில் என்ன இருக்கிறது என்று முத்துக்கருப்பன் கேட்டார். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு நாற்பத்தாறுக்கு ‘கெத்துவா’ என்ற பெயரில் அழித்திருக்கிறார்கள் என்றார் கன்னையா. அது யாருடைய பெயர் என்று அடுத்த கேள்வி வந்தது. மூன்று பேருக்கும் பொது என்று சொல்ல வேண்டியதாயிற்று. முத்துக்கருப்பன் சற்று நேரம் அவரையே பார்த்தார். தனித்தனியாகக் கொடுக்கச் சொன்னேனே என்றார். முதலில் இப்படி ஆரம்பிக்கலாம் என்று தலைவர்களும் ஒத்துக்கொண்டார்கள் என்று கன்னையா சொன்னார்.

சீதாலெட்சுமி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நான் அதைக் கவனித்தேன். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவள் மறுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை யார் வந்தது என்று காவலாளியின் புத்தகத்தைக் கொண்டுவந்து பார்த்தார்கள். தலைவர்களில் சீதாலெட்சுமி பெயர் மட்டும் இருந்தது. பத்து மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போயிருந்தாள். அவளே சொன்னாள், ஆமாம் வந்தேன், கெத்துவா பெயரில் உள்ளே போய் என் குழுவில் இரண்டு பேரைச் சேர்த்தேன், மத்தியானத்துக்கு மேல் மேசையில் காகிதம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நான் எதையும் அழிக்கவில்லை என்று. தான் சனிக்கிழமை அலுவலகத்துக்கே வரவில்லை, பூச்சோங்கில் வீட்டில் இருந்ததாக வாசு சொன்னார். லிம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

முத்துக்கருப்பன் கன்னையாவிடம் திரும்பி, அது யார் என்று வேறு எப்படியாவது கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார்.

“லாக்ல அந்த ஒரு பேருதான் இருக்கு, பாஸ்.”

அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் யார் எந்த மேசைக் கணினியிலிருந்து, எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று இன்னொரு பதிவு அந்தக் கணினியில் இருந்தது. அது அவருக்குத் தெரியும். அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல வாய் திறந்ததாகவும், அந்த நேரத்தில் முத்துக்கருப்பனின் பார்வை தன்னைவிட்டு சீதாலெட்சுமி பக்கம் போய்விட்டதைப் பார்த்ததாகவும் அவர் பல வருடம் கழித்து என்னிடம் சொன்னார். அந்தப் பார்வை திரும்பித் தன்மேல் விழ வேண்டாம் என்று இருந்ததாம். பிறகு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டார்.

யாரும் அவளைத் திட்டவில்லை. தெரியாமல் நடந்திருக்கும், ஒத்துக்கொண்டால் போதும் என்ற மாதிரிதான் முத்துக்கருப்பன் பேசினார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அதுவே அவளுக்கு எதிராகப் போயிற்று. செய்ததைவிட மறைப்பது மோசம் என்று லிம் ஆங்கிலத்தில் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அந்த வாரமே அவளைத் தலைவர் பொறுப்பிலிருந்து எடுத்து, அவள் குழுவை வாசுவின் கீழ் சேர்த்தார்கள். ஜனவரியில் அவளைச் சிங்கப்பூரில் ஒரு பயிற்சிக்கு அனுப்புவதாக இருந்தது. அந்த இடம் வேறு ஆளுக்குப் போனது. அவள் அதிகாரத்தை நீக்கும் வேலை கன்னையாவுக்கு வந்தது. அவர் கெத்துவா என்ற பெயரையே அழித்தார். வாசுவுக்கும் லிம்முக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, அவரவர் பகுதிக்கு மட்டும் அதிகாரம் வைத்துப் பிரித்தார். இரண்டு நாள் ஆகும் என்று நினைத்த வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

புதுவருடம் பிறந்ததும் பழைய பதிவுகளை டேப்பில் ஏற்றி அப்புறப்படுத்துவது வழக்கம். ஜனவரி ஒன்பதாம் தேதி அந்த வேலைக்கு உட்கார்ந்தபோது, டிசம்பர் மூன்றாம் தேதிப் பக்கத்தை அவரால் தாண்டிப் போக முடியவில்லை. பார்த்தார். ஆறாம் மேசையிலிருந்து காலை பத்து பதினைந்துக்குக் கெத்துவா உள்ளே வந்து, மத்தியானம் ஒன்று பத்துக்கு வெளியே போயிருந்தது. அது சீதாலெட்சுமி. பிறகு இரண்டு நாற்பதுக்குக் கெத்துவா மறுபடியும் உள்ளே வந்திருந்தது, தொலைபேசி மோடம் வழியாக. பதினொரு நிமிடம் இருந்திருந்தது. வீட்டிலிருந்து மோடம் வழியாக வரும் வசதி எங்களில் ஒருவருக்குத்தான் இருந்தது. வாடிக்கையாளர்களுக்கு அவசர உதவி செய்ய வேண்டியிருந்ததால் வாசுவின் வீட்டில் ஒன்று பொருத்தியிருந்தார்கள். கூட்டத்தில் அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு உடனே புரிந்தது. வாசு தன் பகுதியில் ஏதோ பழையதைக் கழிக்கப் போய், வேறு பகுதிக்குள் நின்றுகொண்டு அழித்திருக்கிறார். தான் செய்தது இதுதான் என்பது வாசுவுக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்தும் அலுவலகத்துக்கு வரவில்லை என்று சாமர்த்தியமாகச் சொல்லியிருக்கலாம். அது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. ஆனால் மெமோவில் சொன்னபடி பிரித்திருந்தால், வாசுவால் நினைத்தாலும் எங்கள் பகுதியைத் தொட்டிருக்க முடியாது. அது கன்னையாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அந்தப் பக்கத்தை அச்சிட்டு மேசை டிராயரில் வைத்தார். சீனப் பெருநாள் லீவு முடிந்ததும் முத்துக்கருப்பனிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். லீவு முடிந்தது. இன்று வேண்டாம், வாசு வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் என்று தள்ளினார். வாசு வந்தார். அன்று முத்துக்கருப்பன் ஏதோ கோபத்தில் இருந்தார். இப்படி ஒரு மாதம் ஓடியது. பிப்ரவரி பத்தாம் தேதி சீதாலெட்சுமி ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். அவள்தான் போகப் போகிறாளே, இனிமேல் சொல்லி என்ன என்று அவர் மனம் ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

அவர் மனைவி வள்ளியம்மா அந்த நாட்களில் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்து, கேட்டுக் கேட்டு ஒருநாள் விஷயத்தை வாங்கிவிட்டார். அந்தப் பெண் வீட்டுக்கு ஒரு தடவை போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள் என்றாராம். அதற்கு இவர் கோபப்பட்டு இரண்டு நாள் வீட்டில் பேசாமல் இருந்திருக்கிறார்.

சீதாலெட்சுமி கடைசி நாளன்று எல்லா மேசைக்கும் வந்து சொல்லிக்கொண்டு போனாள். என் மேசைக்கும் வந்தாள். வேலை தொலைந்தது பற்றி இன்னும் வருத்தமா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் வேறு ஏதோ சொல்ல நினைத்தது போல் இருந்தது. நான் திரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

மூன்று வருடம் போனது. வாசு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிவிட்டார். 1998-ல் துறைமுக வேலை எல்லாம் படுத்துப்போய், நிறுவனம் ஆட்குறைப்பு செய்தது. கன்னையாவின் பெயரும் அதில் இருந்தது. மேசையைக் காலி செய்தபோது அந்தக் காகிதம் கையில் வந்தது. நேராக முத்துக்கருப்பனிடம் கொண்டுபோய்க் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னார். முத்துக்கருப்பன் இரண்டு தடவை படித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார் கன்னையா. இப்போது இதை வைத்துக்கொண்டு நான் யாரை என்ன செய்வது என்று மட்டும் கேட்டுவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சீதாலெட்சுமி போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தாள். எங்கள் நிறுவனத்திலிருந்து போனபின் இரண்டு இடத்தில் நிரல் வேலைக்கு முயன்றிருக்கிறாள். ஏன் தலைவர் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள் என்று கேட்டார்களாம். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. கன்னையா ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவளைத் தேடிப் போனார். அவள் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, வாங்கண்ணே என்று நாற்காலி போட்டாள். பக்கத்துக் கடையிலிருந்து தேத்தண்ணி வரவழைத்தாள். அவர் காகிதத்தை நீட்டிவிட்டு, சொல்ல வேண்டியதை மேசையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

அவள் அந்த வரிகளை விரல் வைத்துப் படித்தாள். பிறகு விரல் காகிதத்தின் மேல் ஓரத்துக்குப் போனது. அச்சிட்ட தேதி அங்கே இருந்தது.

“ஜனவரி ஒம்பது” என்றாள். “நான் லெட்டர் குடுத்தது பிப்ரவரி பத்து, இல்லையாண்ணே?”

அவர் ஆமாம் என்றார்.

“நான் செய்யலன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியுமான்னுதான் இத்தனை வருஷமா யோசிச்சிக்கிட்டு இருந்தேன். தெரிஞ்சிருக்காது, தெரிஞ்சிருந்தா கன்னையா அண்ணன் சொல்லியிருப்பாருன்னு எங்க அம்மாகிட்டகூடச் சொல்லியிருக்கேன்.”

மன்னித்துவிடும்மா என்ற வார்த்தையைக் கன்னையா காரில் போகும்போது பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். அங்கே அதைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும், அந்தச் சிரமத்தையும் அவளுக்கே கொடுப்பதா என்று தோன்றியதாம். அவள்தான், நடந்ததை ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். அவர் அங்கேயே உட்கார்ந்து, அவள் கொடுத்த தாளில், பெயர், தேதி, தான் செய்தது, செய்யாதது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதினார். ஒன்றரைப் பக்கம் வந்தது. மெமோவைப் பற்றியும், தலைவர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்று கூட்டத்தில் தான் சொன்னது பொய் என்பதையும் எழுதினார். அவள் படித்துப் பார்த்து, ஒரு இடத்தில் தேதி மாறியிருப்பதைச் சொன்னாள். திருத்திக் கொடுத்தார். அவள் அதைத் தன் சான்றிதழ் ஃபைலில் வைத்தாள்.

அந்தக் கடிதத்தை அவள் யாரிடமும் காட்டியதாகத் தெரியவில்லை. நிரல் வேலைக்கும் திரும்பவில்லை. இன்னும் துறைமுகத்தில்தான் இருக்கிறாள். இப்போது தன் பிரிவுக்கே பொறுப்பு என்று கேள்வி.

கன்னையாவுக்கு அதன்பிறகு நிலையான வேலை அமையவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணினி வகுப்பில் வாரத்துக்கு மூன்று நாள் சொல்லிக் கொடுக்கிறார். போன மாதம் அங்கே அவரைப் பார்க்கப் போனபோதுதான் இதையெல்லாம் சொன்னார். அன்று கூட்டத்தில் நானும் தலையாட்டினேன் என்று நினைவுபடுத்தினேன். “உனக்கு என்ன தெரியும் தம்பி, உன் வேலை போன கடுப்பு உனக்கு” என்றார். என்னை விடுவித்துவிட வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னார். ஆனால் அந்தச் சனிக்கிழமை நானும் அலுவலகத்தில் இருந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் சீதாலெட்சுமி தன் மேசையில் கணினியை அணைத்துவிட்டுக் காகிதக் கட்டோடு உட்கார்ந்திருந்ததை என் இடத்திலிருந்து பார்த்தேன். கூட்டத்தில் யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. இதை அவரிடம் சொன்னேன். அடுத்த வகுப்புக்குப் பிள்ளைகள் வந்து நிற்க ஆரம்பித்ததும், அவளிடம் போய்ச் சொல் என்றார்.

நான் இன்னும் போகவில்லை.